புகைப்படக் கிளப்பில் விருந்தினர் பேசும் மாலை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் ஒரு புகைப்படக் கிளப் வெளியிலிருந்து பேச்சாளரை அழைக்க நினைத்தால், முதலில் எடுத்துப் பார்ப்பது ஷிப்டு அட்டவணையை. பேச்சாளரின் தேதி அதற்குப் பிறகுதான். உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஆலைகளில் வேலை பார்ப்பவர்கள். காலை ஷிப்டு முடித்து வந்தவர் மாலைக் கூட்டத்தில் முதல் கால் மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். விளக்கை அணைத்ததும் தலை சாயும். இரவு ஷிப்டுக்குப் போகிறவர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மதிய ஷிப்டுக்காரரால் வரவே முடியாது. ஷிப்டு சுழல்வதால் இந்த மாதம் வந்தவர் அடுத்த மாதம் வருவது நிச்சயமில்லை. மீதிப் பேரில் கணிசமானவர்கள் கல்யாண போட்டோகிராபர்கள். முகூர்த்த நாளில் அவர்களைத் தேடக் கூடாது. முந்தைய மாலை வரவேற்பு இருக்கும் என்பதால் அன்றும் கூடாது. இதையெல்லாம் கழித்துவிட்டுப் பார்த்தால் மாதத்தில் ஒரு ஞாயிறு மிஞ்சும், சில மாதங்களில் அதுவும் மிஞ்சாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை என்பதால், கூட்டம் நிறைந்த மாலைகள் அந்த இரண்டு மாதங்களில்தான் அதிகம்.

ஒருவர் எழுந்து பேச, மற்றவர்கள் உட்கார்ந்து கேட்கும் வழக்கம் புகைப்படத்தோடு சேர்ந்தே பிறந்தது. 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிசில் அறிவியல் கழகமும் நுண்கலைக் கழகமும் கூட்டாகக் கூடிய அவையில்தான் டாகுவேரின் புகைப்பட முறை உலகுக்கு விளக்கப்பட்டது. விளக்கியவர் டாகுவேர் இல்லை. தொண்டை சரியில்லை என்று அவர் ஒதுங்கிக்கொள்ள, வானியலாளர் பிரான்சுவா அராகோ எழுந்து பேசினார். கடைசி நேரத்தில் கைவிரிக்கும் பேச்சாளர்களுக்கு இதைவிட மூத்த முன்னோடி கிடையாது. அந்தத் தேதியே இப்போது உலகப் புகைப்பட நாளாகக் கொண்டாடப்படுவதால், எல்லா ஊர் கிளப்களும் ஒரே நாளில் பேச்சாளரைத் தேடுகின்றன. ஆகஸ்ட் மாதத்தில் நல்ல பேச்சாளர் கிடைப்பது அரிது. விவரம் தெரிந்த செயலாளர்கள் அந்த மாதத்தைக் கண்காட்சிக்கு ஒதுக்கிவிட்டு, விருந்தினரைச் செப்டம்பரில் கூப்பிடுகிறார்கள்.

லண்டனில் 1853-இலும், பம்பாயில் 1854-இலும், கல்கத்தாவில் 1856-இலும் புகைப்படக் கழகங்கள் தோன்றின. சென்னைக் கழகம் தன் தொடக்க ஆண்டாக 1857-ஐக் குறிக்கிறது. அதைத் தோற்றுவித்தவர்களில் முக்கியமானவர் அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர்; 1850-இல் அவர் தொடங்கிய ஓவியப் பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. அந்நாளைய உறுப்பினர்கள் ராணுவ அதிகாரிகள், மருத்துவர்கள், அரசு அலுவலர்கள். புகைப்படம் அவர்களுக்குப் பிழைப்பு அல்ல. கூடி உட்கார்ந்து பேசிய பழக்கத்திலிருந்து முழுநேரக் கலைஞரானவர்களும் உண்டு. இந்தியாவின் மலைகளைப் படமெடுத்துப் பெயர் பெற்ற சாமுவேல் போர்ன், நாட்டிங்காமில் வங்கி ஊழியராக இருந்தபோது 1860-இல் அவ்வூர்ப் புகைப்படக் கழகத்தில் நல்ல படத்துக்குத் தேவையானவை பற்றிப் பேசினார். மூன்று ஆண்டுகள் கழித்து வேலையை விட்டுவிட்டுக் கப்பலேறி இந்தியா வந்து சேர்ந்திருந்தார்.

இந்தப் பழைய கதைகள் ஆலைப் பொறியாளர்களிடம் எடுபடுமா என்ற சந்தேகம் செயலாளர்களுக்கு எப்போதும் உண்டு. எடுபடுகிறது, பேசுகிறவர் வேலையைப் பற்றிப் பேசினால். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஏறக்குறைய 6 மீட்டர் நீளத்துக்கு ஒன்றாகச் சேர்த்தார். அவருடைய கல்வெட்டு வரிசையைத் திரையில் காட்டி, ஒவ்வொரு படத்துக்கும் கேமராவை எப்படி நகர்த்தியிருப்பார், சுவரிலிருந்து ஒரே தூரத்தை எப்படிக் காத்திருப்பார், தமிழ்நாட்டு வெயிலில் வேதிப்பொருள் தடவிய காகித நெகட்டிவ் என்ன பாடுபட்டிருக்கும் என்று ஒருவர் விளக்கத் தொடங்கினால், அளவுக் கருவிகளோடு வேலை செய்கிறவர்கள் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிடுகிறார்கள். டிரைப்பின் வாழ்க்கைக் குறிப்பைப் பத்து நிமிடம் வாசித்தால் அதே ஆட்கள் டீ வந்துவிட்டதா என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆலைகள் வருவதற்கு முன்பு ஸ்ரீபெரும்புதூர் என்பது பெங்களூரு நெடுஞ்சாலையில் ஒரு கோயில் ஊர், ராமானுஜர் பிறந்த தலம். கேமரா வைத்திருந்தவர்கள் ஸ்டுடியோக்காரர்கள், ஓரிரு ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள். பேச்சு கேட்க வேண்டுமென்றால் சென்னைக்குப் போய்விட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்பினார்கள். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் ஆலை ஓடத் தொடங்கியது. 2006-இல் நோக்கியா, 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தபோது, மாதச் சம்பளமும் தவணையில் வாங்கிய கேமராவும் வைத்திருக்கும் ஒரு கூட்டம் இங்கே குடியேறியது. மேன்ஷன் அறைகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் பொது அறைகளிலும் சிறு குழுக்கள் உருவாயின. பேச்சாளர் சென்னையிலிருந்து இங்கே வருவது அப்போதுதான் ஆரம்பித்தது.

ஸ்லைடு காலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த மாலைகளின் ஒழுங்கு இன்றும் வியப்பாக இருக்கும். கோடாக் கேரோசல் வகைப் புரொஜெக்டரின் வட்டத் தட்டில் 80 ஸ்லைடுகள். அதற்கு மேல் பேச்சாளர் கொண்டுவர மாட்டார், கொண்டுவந்தாலும் தட்டு மாற்றும்போது சபை கலைந்துவிடும். 36 படங்கள் கொண்ட ஸ்லைடு பிலிம் சுருளின் விலையும் அதைக் கழுவும் செலவும் சேர்ந்து, வீட்டிலேயே பாதிப் படங்களைத் தள்ளிவைக்கும் பழக்கத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தன. ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு ‘இந்து’ கறுப்பு-வெள்ளைச் சுருள் ஓரளவு கைக்கெட்டியது. ஸ்லைடு மட்டும் கடைசிவரை பணக்காரச் சமாச்சாரமாகவே இருந்தது.

ஒவ்வொரு ஸ்லைடின் சட்டத்திலும் ஒரு புள்ளி வைப்பார்கள். கையில் நேராகப் பிடித்துப் பார்த்தால் அது இடது கீழ் மூலையில் இருக்கும். தட்டில் தலைகீழாகச் செருகும்போது வலது மேல் மூலைக்கு வரும். தட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தால் எல்லாப் புள்ளிகளும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். ஒன்று விலகியிருந்தால், கோபுரம் தலைகீழாகத் தொங்கும், இல்லாவிட்டால் கடைப் பெயர்ப்பலகை இடவலம் மாறி வரும். 24 வோல்ட், 250 வாட் ஹாலஜன் விளக்கு எரிந்துபோனால் அன்றைய கூட்டம் முடிந்தது. ஆகவே உதிரி விளக்கு ஒன்று பொருளாளரின் சட்டைப் பையில் கைக்குட்டையில் சுற்றி இருக்கும். கோடாக் 2004-இல் ஸ்லைடு புரொஜெக்டர் தயாரிப்பை நிறுத்தியபோது இந்தக் கலை முழுவதும் ஒரே தலைமுறையோடு பரணுக்குப் போனது.

அதோடு போன ஒன்றைப் பலர் கவனிக்கவில்லை. ஸ்லைடு சட்டம் சதுரம். நெடுக்குவாட்டுப் படமும் கிடைமட்டப் படமும் திரையில் ஒரே பரப்பைப் பிடித்தன. டிஜிட்டல் புரொஜெக்டரில் அப்படி இல்லை. 1920 × 1080 திரையில் 3:2 விகிதக் கிடைமட்டப் படத்துக்கு 1620 × 1080 புள்ளிகள் கிடைக்கும். அதே படம் நெடுக்காக நின்றால் 720 × 1080 மட்டும். பரப்பில் பாதிக்கும் குறைவு. பார்வையாளர் கண்ணுக்கு நெடுக்குப் படம் ‘சின்னதாக’, அதனால் சுமாராகத் தெரிகிறது. கோபுரத்தையும் தேரையும் எடுக்கும் ஊரில் இது சிறிய விஷயம் இல்லை. சில ஆண்டுகளிலேயே உறுப்பினர்கள் நெடுக்குப் படம் எடுப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமல், திரையே சொல்லிக் கொடுத்த பாடம் இது. மோசமான பாடம் என்றே சொல்ல வேண்டும்.

பென் டிரைவ் வந்ததும் பேச்சாளர்கள் நானூறு படங்களோடு வரத் தொடங்கினார்கள். அவற்றில் எதை விடுவது என்ற வேலையைச் சபையின் தலையில் கட்டினார்கள். புரொஜெக்டரும் தன் பங்குக்குக் கெடுத்தது. கடைகளிலும் வகுப்பறைகளிலும் பயன்படும் புரொஜெக்டர்கள் பளிச்சென்று தெரிவதற்காக ‘டைனமிக்’ முறையில் வைக்கப்பட்டிருக்கும். அதில் மாநிறத் தோல் செம்பு நிறமாகவும் பட்டுப் புடவையின் அரக்கு வெறும் சிவப்பாகவும் மாறும். எஸ்ஆர்ஜிபி அல்லது சினிமா முறைக்கு மாற்றி, பேச்சாளர் வருவதற்கு முன்பே அவருடைய ஒரு படத்தைப் போட்டுப் பார்ப்பது அரை மணி நேர வேலை. அதைச் செய்கிற கிளப்பைப் பற்றி வெளியூரில் நல்ல பேச்சு பரவும். அடோபி ஆர்ஜிபி நிறவெளியில் சேமித்த படங்கள் திரையில் சோகையாகத் தெரிய, பேச்சாளர் முகம் சுண்டிப்போன மாலைகளைப் பார்த்தவர்கள் அழைப்புக் கடிதத்திலேயே கோப்பின் அளவையும் நிறவெளியையும் எழுதிவிடுகிறார்கள்.

மின்வெட்டுக் காலம் தனிக் கதை. 2012-ஐ ஒட்டித் தமிழ்நாட்டில் மின்சாரம் மணிக்கணக்கில் போய்வந்தது. புரொஜெக்டரின் உயரழுத்த விளக்கு திடீரென அணைந்தால், மின்சாரம் உடனே திரும்பினாலும் அது எரியாது; சூடு தணியும்வரை சில நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கிய பிறகும் இருட்டில் உட்கார்ந்திருப்பது ஏன் என்று மண்டபக்காரர் கேட்பார். அந்த இடைவெளிகளில் பேச்சாளர்களின் தரம் தெரிந்தது. படம் இல்லாமல் பேசத் தெரிந்தவர் செல்போன் வெளிச்சத்தில் ஒரு முகத்துக்கு எப்படி ஒளி கொடுப்பது என்று முன்வரிசைக்காரரை வைத்தே காட்டிவிடுவார். மற்றவர் தண்ணீர் குடிப்பார். மின்வெட்டு தீர்ந்த பிறகும் சில கிளப்கள் அந்த ஏற்பாட்டைத் தொடர்ந்தன: முதல் இருபது நிமிடம் திரை இல்லாமல் பேச்சு மட்டும்.

யாரைக் கூப்பிடுவது என்று கேட்டால், செயற்குழுவில் முதல் குரல் காட்டுயிர்ப் படக்காரருக்காகவே எழும். இங்கிருந்து வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பக்கம். நவம்பர் முதல் மார்ச் வரை ஞாயிற்றுக்கிழமைகளில் உறுப்பினர்கள் அங்கேதான் இருப்பார்கள். சிக்கல் என்னவென்றால் பேச்சாளரிடம் 600 மிமீ லென்ஸ் இருக்கிறது, கேட்பவரிடம் கேமராவோடு வந்த 18-55. இரண்டு மணி நேரம் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்த் தவணைக் கணக்குப் போடுவதில் மாலை முடிகிறது.

இதற்கு மாறான ஒரு மாலை நினைவில் நிற்கிறது. பறவைப் படத்தில் பெயர் பெற்ற ஒருவர் தம் ‘நல்ல’ படங்களில் ஐந்தை மட்டும் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் எடுத்த எல்லாப் படங்களையும் அதே வரிசையில் ஓடவிட்டார். கூடு கட்ட நாரை குச்சி கொண்டுவருகிறது. முதலில் வெயில் எதிரே, பிறகு கிளை குறுக்கே, பிறகு இறக்கை சட்டத்துக்கு வெளியே. பறவை ஒரே பாதையில் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்து அவர் நாலடி நகர்ந்து உட்கார்ந்தது படவரிசையிலேயே தெரிந்தது. நாலடி நகர்வதற்கு லென்ஸ் வேண்டாம். அடுத்த மாதம் உறுப்பினர்கள் கொண்டுவந்த படங்களில் அந்த மாலையின் தடம் இருந்தது. சிறந்த படங்களை மட்டும் காட்டிவிட்டுப் போனவர்களின் தடம் அப்படித் தங்குவதில்லை. கைதட்டல் மட்டும் பலமாக இருக்கும்.

மா. கிருஷ்ணன் காட்டுயிரைக் கறுப்பு-வெள்ளையில், தானே பல பாகங்களை ஒட்டவைத்து உருவாக்கிய ‘சூப்பர் பொண்டரோசா’ கேமராவில் எடுத்தவர் என்பதை இளைஞர்களுக்குச் சொல்லும்போது சபையில் ஒரு சிரிப்பு எழும். கருவி இல்லை என்று புலம்பும் கூட்டத்துக்கு இதைச் சொல்லும் பேச்சாளர்கள் குறைவு, ஏனென்றால் பலரைக் கேமரா நிறுவனங்களே அனுப்புகின்றன. நிறுவனம் பேச்சாளரின் பயணச் செலவையும் மண்டப வாடகையையும் ஏற்கிறது; மேசைமேல் புதிய கேமராக்களை அடுக்கித் தொட்டுப் பார்க்கவிடுகிறது. காசில்லாத கிளப்புக்கு இது வரம். பேச்சில் மாடல் பெயர் எத்தனை முறை வரும் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளாவிட்டால் விற்பனைக் கூட்டமாகிவிடும். பேசிக்கொண்டால் பயனுண்டு. உதாரணமாக, தானியங்கி போகஸ் எப்படி வேலை செய்கிறது என்பதை நிறுவன ஆட்களைவிடத் தெளிவாக விளக்குபவர்கள் குறைவு.

பத்திரிகைப் படக்காரர் வந்தால் இந்த ஊரில் ஒரு கேள்வி தவறாமல் வரும். 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி இங்கே கொல்லப்பட்ட பொதுக்கூட்டத்தில், சதிக் கும்பல் படமெடுக்க அமர்த்தியிருந்த ஹரிபாபுவும் குண்டுவெடிப்பில் இறந்தார். அவருடைய சினான் கேமரா சிதையாமல் கிடைத்தது. அதிலிருந்த 10 படங்கள்தான் புலனாய்வுக்கு முதல் பிடியைக் கொடுத்தன. நினைவகம் கட்டப்பட்ட இடத்தைத் தினமும் பஸ்ஸில் கடந்து போகிறவர்கள் அந்தப் படங்களைப் பற்றிக் கேட்பது இயல்பு. நல்ல பத்திரிகைக்காரர் பரபரப்பைத் தவிர்த்து, படங்களின் வரிசை எப்படி ஒரு சாட்சியமாகிறது, யார் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பது எப்படிப் படிக்கப்படுகிறது, நெகட்டிவை வெட்டாமல் வைத்திருப்பது ஏன் முக்கியம் என்று பேச்சைத் திருப்புவார். இன்றைய கோப்புகளில் தேதி, நேரம் சரியாகப் பதிவாகிறதா என்று அன்றிரவே பலர் கேமராக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வதுண்டு.

திருவிழாவுக்கு முன்பு பத்திரிகைப் படக்காரரை அழைப்பது இன்னொரு நல்ல உத்தி. சித்திரைத் திருவாதிரையை ஒட்டி ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் ராமானுஜர் உற்சவம் நடக்கும். 2017-இல் அவருடைய ஆயிரமாவது ஆண்டு. கூட்டத்தில் எங்கே நிற்பது, தேர் திரும்பும் முனையில் வெயில் எந்தப் பக்கம் விழும், சந்நிதிக்குள் கேமராவை வெளியே எடுக்காமல் இருப்பது, பாகவதர்களிடம் எப்படிக் கேட்டு எடுப்பது என்பவை ஒரு வாரத்துக்குள் கையில் வேலையாகின்றன. பேச்சுக்கும் படமெடுப்பதற்கும் இடையே ஒரு மாதம் போய்விட்டால் பாதி மறந்துவிடும்.

இந்தப் பகுதிக்கென்றே உரிய மாலை என்றால் அது தொழில்துறைப் படக்காரர் வரும் மாலைதான். ஆலை வாயிலில் பாதுகாப்பு ஊழியர் செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார், இல்லையென்றால் முன்கேமராவிலும் பின்கேமராவிலும் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவார். ஆகவே உறுப்பினர்கள் தம் விழித்திருக்கும் நேரத்தில் பாதியைக் கழிக்கும் இடத்தை ஒருமுறைகூடப் படமெடுத்ததில்லை. அவர்களுடைய தொகுப்புகளில் பறவையும் கோயிலும் கிராமத்துப் பாட்டியின் சுருக்கங்களும் இருக்கும். பிரஸ் ஷாப் இருக்காது. ஆண்டறிக்கைக்கும் காலண்டருக்கும் ஆலைகளைப் படமெடுக்கும் ஒருவர், நிறுவனங்கள் ஏற்கெனவே வெளியிட்ட படங்களை மட்டும் காட்டுவது என்ற ஏற்பாட்டோடு பேச வந்தார். ரகசியக்காப்பு ஒப்பந்தம் இருப்பதால் அதற்கு மேல் காட்ட முடியாது. ஹெல்மெட், பாதுகாப்புக் காலணி, கண்ணாடி இவற்றில் ஒன்று குறைந்தாலும் எவ்வளவு அழகான படமும் பாதுகாப்புத் துறையின் மேசையில் நின்றுவிடும் என்றார். பளபளக்கும் உலோகத்தகட்டின்மேல் நேராக விளக்கடிக்காமல், எதிரே வெள்ளைத் துணியைக் கட்டி அந்தத் துணிக்கு ஒளி கொடுத்தால் தகட்டில் துணியின் மென்மையான பிரதிபலிப்பு விழும் என்று காட்டினார்.

வெல்டிங் ரோபோவின் தீப்பொறியை நீளமாகப் பிடிக்க அரை நொடி ஷட்டர் வைப்பதாக அவர் சொன்னபோது, பின்வரிசையிலிருந்து பாடி ஷாப்பில் வேலை பார்க்கும் ஒருவர் எழுந்தார். எந்தத் தகட்டில் பொறி அதிகம் தெறிக்கும், முனை தேய்ந்த எலக்ட்ரோடில் எப்படி மாறும், பொறி அதிகமாகத் தெறிப்பது பார்க்க அழகாக இருந்தாலும் வெல்டிங் சரியில்லை என்பதற்கு அது அறிகுறி என்று விளக்கினார். பேச்சாளர் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார். அதற்குப் பிறகு பேச்சு மேடையிலிருந்து நடப்பதாக இல்லை. பெயின்ட் ஷாப்காரர் நிறம் பார்க்கும் விளக்குகளைப் பற்றியும், கண்ணாடி ஆலைக்காரர் பிரதிபலிப்பைப் பற்றியும் சொன்னார்கள். ஒளியையும் மேற்பரப்பையும் வைத்துப் பிழைப்பவர்கள் இத்தனை பேர் ஒரே அறையில் இருப்பதை அந்த மாலைக்கு முன் யாரும் கணக்கில் எடுத்ததில்லை.

வேலையைப் பற்றியும் வேலை செய்கிறவர்களைப் பற்றியும் படமெடுப்பவர்களை அழைக்கும் விருப்பம் அண்மைக் காலத்தில் கூடியிருக்கிறது. 2016-இல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலே, தொழில்நுட்பம் பேசாமல் படத்தின் நோக்கம் பேசும் கலைஞர்களைச் சென்னைப் பார்வையாளருக்குப் பழக்கப்படுத்தியது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்த எம். பழனிக்குமார், துப்புரவுத் தொழிலாளர்களின் வாழ்வைத் தொடர்ந்து படமெடுத்து 2022-இல் தயானிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருதைப் பெற்றபோது, தமிழில் பேசும், தம்மைப் போன்ற வீட்டிலிருந்து வந்த ஒருவரின் வேலையாக இளம் தொழிலாளர்கள் அதைப் பார்த்தார்கள். ஷட்டர் ஸ்பீடு பற்றிய கேள்விகள் குறைந்து, ‘அவர்களிடம் எப்படிக் கேட்டீர்கள்’ என்ற கேள்வி எழத் தொடங்கியது இத்தகைய படங்கள் திரையில் வந்த பிறகுதான்.

மேடை மரியாதைகளை ஒரு வரியில் முடிக்கலாம்: குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாவற்றையும் முன்னால் வைத்தால் நாற்பது நிமிடம் போய்விடும், பேச்சாளர் தொடங்கும்போது இரவு ஷிப்டுக்காரர் கிளம்பிக்கொண்டிருப்பார். பணம் பற்றி இதைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். ‘ஏதோ எங்களால் முடிந்தது’ என்று கடைசியில் உறையை நீட்டுவதைவிட, போக்குவரத்துக்கு இவ்வளவு, சன்மானம் இவ்வளவு அல்லது சன்மானம் இல்லை என்று அழைக்கும்போதே சொல்வதைப் பேச்சாளர்கள் விரும்புகிறார்கள். சென்னையிலிருந்து வந்து திரும்பும் ஞாயிறு ஒரு போட்டோகிராபருக்கு வருமான நாள். சன்மானம் வேண்டாம் என்பவர்கூட டாக்சியை எதிர்பார்ப்பார். பொன்னாடை விலைக்கு ஒரு டாக்சியின் பாதிக் கட்டணம் தேறும் என்பதைச் செயற்குழுக்கள் ஏனோ கணக்கிடுவதில்லை.

மண்டபமும் நேரமும் யார் வருகிறார்கள் என்பதைத் தீர்மானிக்கின்றன. மின்னணு ஆலைகளில் வேலை பார்க்கும் இளம்பெண்கள் பலர் விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். கதவு அடைக்கும் நேரம் உண்டு. ஆறு மணிக்குத் தொடங்கும் கூட்டம் அவர்களுக்கு இல்லை. மூன்று மணிக்கு, பஸ் நிறுத்தத்திலிருந்து நடக்கும் தூரத்தில், பள்ளி வகுப்பறையில் நடத்தியபோது வந்தார்கள். செல்போனில் எடுத்த படங்களோடு வந்தார்கள். செல்போன் படத்தைத் திரையில் போடலாமா என்று செயற்குழு ஒரு மாலை முழுவதும் விவாதித்த காலம் உண்டு. இப்போது அந்தக் கேள்வியைக் கேட்பாரில்லை.

கேள்வி நேரத்தை நடத்துவதில்தான் செயலாளரின் அனுபவம் தெரியும். முதல் கேள்வி எப்போதும் ‘என்ன கேமரா, என்ன லென்ஸ், என்ன செட்டிங்’. அதைத் தவிர்க்கச் சிலர் அந்த விவரங்களைப் படத்தின் கீழேயே போட்டுவிடச் சொல்கிறார்கள். இரண்டாவது ஆள் கேள்வி என்று எழுந்து தம் சொந்தப் பயணக் கட்டுரையைச் சொல்வார். மைக்கை அவர் கையில் கொடுக்காமல் நடத்துநரே பிடித்துக்கொள்வது நல்லது. ஆங்கிலத்தில் எழுதிய திரைகளோடு வரும் பேச்சாளர், கேட்பவர்கள் தமிழில் கேட்கத் தொடங்கியதும் சரளமாகிவிடுவதைப் பலமுறை காணலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்களும் பின்வரிசையில் இருப்பதால், இப்போது யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து இந்தியில் சுருக்கிச் சொல்கிறார். கூச்சக்காரர்களின் கேள்விகள் மேடைக்கு வருவதில்லை. டீ கேன் அருகே வருகின்றன. பேச்சாளரை உடனே காரில் ஏற்றி அனுப்பிவிடும் கிளப்கள் அவற்றை இழக்கின்றன.

உறுப்பினர் படங்களை விருந்தினர் விமர்சிக்கும் பகுதி தனிக் கவனம் கேட்பது. எத்தனை படம் என்று முன்பே சொல்ல வேண்டும். இருபதைத் தாண்டினால் கடைசிப் படங்களுக்கு ‘நன்றாக இருக்கிறது’ மட்டும் கிடைக்கும். பெயர் போடாமல் காட்டுவது வழக்கம். எடுத்தவர் முகம் தெரிந்தால் விமர்சகர் மென்மையாகிவிடுவார், நிறுவனத்தில் அவர் மேலாளர் என்று தெரிந்தால் சபையே மென்மையாகிவிடும். போட்டிகளில் பழகிய நடுவர்கள் மதிப்பெண் போட்டுவிட்டு நகர விரும்புவார்கள். அவர்களிடம் எண் வேண்டாம், எங்கே நின்றிருந்தால் வேறாக வந்திருக்கும் என்று மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்வது பலன் தரும். தன் படத்தை எல்லோர் முன்னிலும் கிழித்துவிட்டதால் ஓராண்டு வராமல் போனவர்களும் இருக்கிறார்கள். கடுமையான விமர்சகரை மறுபடியும் அழைக்கும் கிளப், விமர்சனத்துக்குப் படம் தருவதை உறுப்பினரின் விருப்பத்துக்கு விட்டுவிடுவதே முறை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் எல்லாம் ஜூமுக்குப் போனது. சிங்கப்பூரிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் தமிழில் பேசக்கூடியவர்கள் டாக்சிச் செலவில்லாமல் கிடைத்தார்கள். ஆலைகள் திறந்த பிறகு மதிய ஷிப்டு முடிந்து பஸ்ஸில் வருகிறவர் காதில் இயர்போன் மாட்டிக் கடைசிப் பகுதியைக் கேட்டார்; வரவே முடியாதவர்கள் பதிவைக் கேட்டார்கள். இழப்பும் இருந்தது. திரைப்பகிர்வில் படத்தின் நுண்விவரம் நசுங்கிவிடும், ஒவ்வொருவர் செல்போனிலும் ஒரு நிறம் தெரியும். பாடி ஷாப்காரர் எழுந்து பேசியதுபோல் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், எல்லோரும் மைக்கை அணைத்து வைத்திருப்பார்கள். இப்போது பெரும்பாலான கிளப்கள் தொலைவிலிருக்கும் பேச்சாளருக்கு இணையத்தையும், படவிமர்சனத்துக்கு மண்டபத்தையும் வைத்துக்கொள்கின்றன.

திரையில் ஓடும் படங்களைச் செல்போனில் எடுத்து வாட்ஸ்அப்பில் விடும் பழக்கம் புதிய தொல்லை. ஒரு பேச்சாளரின் வெளியாகாத படம் அன்றிரவே சுற்றுக்குப் போய், அவருக்கும் அவருடைய வாடிக்கையாளருக்கும் இடையே பிரச்சினையானது. அதிலிருந்து அந்தக் கிளப்பில் தொடக்கத்திலேயே அறிவிக்கிறார்கள்: திரையைப் படமெடுக்கக் கூடாது, பதிவு செய்வதானால் பேச்சாளரின் எழுத்து அனுமதியோடு, ஆறு மாதம் உறுப்பினர்களுக்கு மட்டும். குழுப் படம் ஒன்று எடுத்துப் பேச்சாளருக்கு அனுப்புகிறார்கள். அவர் கடைசியாக ஒரு பயிற்சியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பதும் அழைப்பிலேயே எழுதப்படுகிறது. ஒரே ஜன்னல், ஒரே நாற்காலி, நாள் முழுக்க மாறும் வெளிச்சம் என்பதுபோல ஆலைக்குள் கேமரா தேவைப்படாத ஒன்று. அடுத்த மாதக் கூட்டத்துக்கு விருந்தினர் யாரும் கிடையாது. உறுப்பினர்கள் அந்தப் பயிற்சிப் படங்களைப் போட்டுப் பேசுகிறார்கள், அவற்றில் ஐந்தாறு தேர்ந்தெடுத்துப் பேச்சாளருக்கு மின்னஞ்சலில் அனுப்புகிறார்கள். பதில் எழுதுகிறவர்களைத்தான் மறுபடியும் அழைக்கிறார்கள்.